ஆச்சி பதில்கள்: மத்தியான டி.வி.யும் நம் வீட்டு அடுப்பும்

சென்ற இதழில் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: மத்தியானச் சாப்பாடு முடிந்து டி.வி.யில் யாராவது வெங்காயம் நறுக்குவதைப் பார்க்காவிட்டால் எனக்குக் கண் அசராது என்று. அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எனக்கு மட்டும்தான் இந்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரைக்குடியைச் சுற்றி இத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். மூட்டுவலிக் கேள்விகள் அடுத்த இதழில்.

*கேள்வி: என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அரிசி களைந்த தண்ணீரில் அவர் வைக்கும் வெண்டைக்காய் மண்டிக்காகவே பங்காளி வீட்டில் இருந்தெல்லாம் கிண்ணம் வரும். இப்போது டி.வி.யில் வரும் ஒரு சமையல்கார அம்மா மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். நிகழ்ச்சி ஆரம்பித்தால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுகிறார். போன் வந்தாலும் எடுப்பதில்லை. நோட்டு நிறைய பாஸ்தா, பன்னீர், கேக். ஆனால் எதையும் செய்வதில்லை, செய்யவும் விடுவதில்லை. இது என்ன ஆச்சி?*
வாசகி, கோட்டையூர்

பதில்: ஒன்றும் இல்லை, ஆத்தா. விடு.

அந்த நோட்டு சமைப்பதற்காக எழுதுவது இல்லை. என் வீட்டிலும் அப்படி நோட்டுகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள கேக்கில் ஒன்றைக்கூட நான் சுட்டதில்லை, இனிமேல் சுடப்போவதும் இல்லை. உன் மாமியார் அந்தக் காலத்தில் வேலைக்காரர்களும் விருந்தாளிகளுமாக இருந்த வீட்டில் அடுப்படியை நடத்தியவர். இப்போது பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டு நடு முற்றமான வளவு முழுக்க வெயில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு பெண் நேரே முகத்தைப் பார்த்து, "எண்ணெய் காய்ந்துவிட்டதா? இப்போது கடுகு போடுங்கள்" என்கிறாள். அடுப்படி விஷயம் பேச அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. போனை எப்படி எடுப்பார்?

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பார். அவர் சும்மா எழுதமாட்டார், வாதாடுவார். "இவ்வளவு எண்ணெயா?", "அடியே, தீயைக் குறை", "தேங்காயை இப்பவா போடுவாங்க?" எல்லாம் வரும். ரசிகர்களில் இது ஒரு ஜாதி. சினிமா நடிகரைப் பார்த்து யாரும் "அண்ணே, அந்த இடத்தில் நடிப்பைக் குறைத்திருக்கலாம்" என்று வீட்டில் இருந்து கத்துவதில்லை. சமையல்காரரிடம் மட்டும்தான் நாம் கும்பிட்டுக்கொண்டே சண்டையும் போடுகிறோம், ஏனென்றால் அந்த வேலை நமக்கும் தெரியும்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதே நோட்டில், அவர் கையெழுத்திலேயே, அந்த மண்டியை எழுதி வாங்கிவிடு. "நான் டி.வி. பார்ப்பதுபோல் பார்க்கிறேன், நீங்கள் நிகழ்ச்சி நடத்துங்கள் அயித்தை" என்று சொல். வெட்கப்படுவார், ஆனால் சொல்வார். அரிசி களைந்ததில் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு ரெண்டாம் தண்ணீரை எடுத்து வைப்பதா, ரெண்டையும் சேர்ப்பதா. புளியை அந்தத் தண்ணீரிலேயே கரைப்பதா. வெண்டைக்காயை எந்தப் பக்குவம் வரை வதக்கினால் வழவழப்புப் போகும். பலாக்கொட்டை இல்லாத நாளில் மொச்சையா, வேறு எதுவுமா. இதெல்லாம் எந்த டி.வி.யிலும் வராது. கழுநீர் கேமராவில் பார்க்க நன்றாக இருக்காது, அதனால் காட்டமாட்டார்கள். ஆனால் மண்டிக்கு அந்தக் கழுநீர்தான் உடம்பு.

*கேள்வி: டி.வி.யில் சமைத்து இப்படி ஸ்டார் ஆன முதல் ஆள் யார்? நம் ஊரில் இது எப்போது ஆரம்பித்தது?*
கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: டி.வி. வந்த நாளில் இருந்தே யாராவது ஒருவர் அதில் சமைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். லண்டன் பி.பி.சி.யில் 1937லேயே சமையல் வந்துவிட்டது. ஆனால் ஜனங்கள் ஒருவர் மேல் பைத்தியமாக ஆனார்கள் என்றால் அது அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் மேல்தான்.

அந்தக் கதையை ரசிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 37 வயதில்தான் அந்த அம்மா பாரிஸில் சமையல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். 1961ல், கூட இரண்டு பெண்களோடு சேர்ந்து பிரெஞ்சுச் சமையல் பற்றி ஒரு தடிப் புத்தகம் போட்டார். அதைப் பற்றிப் பேச பாஸ்டன் டி.வி.யில் ஒரு புத்தக நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். புத்தகத்தைப் பற்றி வெறுமனே என்ன பேசுவது என்று மின்சார அடுப்பைக் கையோடு கொண்டுபோய் முட்டை ஆம்லெட் போட்டுக் காட்டினார். அதைப் பார்த்தவர்கள் இன்னும் வேண்டும் என்று நிலையத்துக்குக் கடிதம் போட்டார்கள். எத்தனை தெரியுமா? 27. லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை. அந்த 27 கடிதத்தை வைத்துத்தான் 1963 பிப்ரவரியில் அவருடைய நிகழ்ச்சி ஆரம்பித்தது. அப்போது அவருக்கு வயது 50. ஆறடி இரண்டு அங்குல உயரம், கீச்சுக் குரல். இன்றைக்கு நம் சேனல்களில் போய் நின்றால் ஆடிஷனிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவரை ஜனங்களுக்குப் பிடித்த காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவை உருளைக்கிழங்கு அடை மாதிரி ஒன்றைச் சட்டியோடு தூக்கித் திருப்பிப் போடுகிறார். பாதி சட்டியிலும் பாதி அடுப்பு மேலுமாக விழுந்துவிடுகிறது. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி படம் பிடிக்க அவர்களிடம் வசதியும் கிடையாது. அந்த அம்மா அசரவில்லை. விழுந்ததை அள்ளிச் சட்டியில் வைத்து அமுக்கிவிட்டு, அடுப்படியில் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அதுவே பிறகு காது மூக்கு வைத்து, கோழியைத் தரையில் போட்டு எடுத்தார் என்று ஊர் முழுக்கப் பரவியது. கோழியும் இல்லை, தரையும் இல்லை.

அவருடைய வீட்டு அடுப்படியை அப்படியே பெயர்த்து வாஷிங்டன் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். மகளிடம் போயிருந்தபோது பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் இருக்கிறது. அவர் உயரத்துக்காக மேடையையே இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு சட்டிக்கும் அதன் வடிவத்தைக் கோடு போட்டு வரைந்து வைத்திருக்கிறது, எடுத்த சட்டி அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று. வரைந்தது அவர் கணவர். கூட வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். நான் நம் வீட்டுச் சாமான்களை நினைத்துக்கொண்டேன். நாம் குண்டானிலும் தூக்குச்சட்டியிலும் பெயர் வெட்டி வைப்போம், பங்காளி வீட்டுக்குப் போனாலும் திரும்பி வர வேண்டும் என்று. அவருக்குச் சுவரில் கோடு, நமக்குப் பித்தளையில் எழுத்து. கவலை ஒன்றுதான்.

நம் நாட்டில் என்றால் 1993ல் ஜீ டி.வி.யில் சஞ்சீவ் கபூர் வந்த பிறகுதான் டி.வி. சமையல்காரர் என்றால் ஒரு முகம் என்று ஆனது. தமிழில் மல்லிகா பத்ரிநாத், செஃப் தாமு, வெங்கடேஷ் பட் என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால் ரேவதி சண்முகம். கண்ணதாசன் மகள். நம் சிறுகூடல்பட்டிக்காரர் வீட்டுப் பெண் என்பதால் பாரபட்சம் பார்க்கிறேன் என்று யாராவது எழுதுவீர்கள். ஆமாம், பார்க்கிறேன்.

*கேள்வி: எனக்குப் பிடித்த நிகழ்ச்சியில் வெள்ளைப் பணியாரம் செய்து காட்டினார்கள். அரிசி, உளுந்து எல்லாம் அவர் சொன்ன அளவுதான். எனக்கு எண்ணெய் குடித்து, பிழிந்தால் சொட்டுகிறது. அவருக்கு மட்டும் பூப்போல் வருகிறது. எதை மறைக்கிறார்?*
வாசகி, தேவகோட்டை

பதில்: அவர் எதையும் மறைக்கவில்லை. நேரம்தான் மறைந்துபோகிறது. டி.வி.யில் அரிசியை ஊறப்போட்ட கையோடு "ஊறிவிட்டது" என்று அடுத்த கிண்ணம் வந்துவிடும். எவ்வளவு நேரம் ஊறியது என்பது அந்த இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே போய்விடுகிறது. இட்லிக்கு ஊறப்போடும் பழக்கத்தில் நீ காலையில் போட்டுவிட்டு மத்தியானம் ஆட்டியிருப்பாய். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும். மாவைப் புளிக்க வைத்தாலும் குடிக்கும். ஆட்டியதும் சுட்டுவிட வேண்டும்.

அளவு: ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்துக்கொள். அதே டம்ளரில் அந்த அரிசி மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவி. சரிந்து விழாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. நம் பக்கத்து வீடுகளில் இதுதான் கணக்கு, கிராமும் இல்லை, ஸ்பூனும் இல்லை. உளுந்து கூடினால் பணியாரம் மெத்தென்று இருக்கும், ஆனால் எண்ணெயை இழுக்கும். குறைந்தால் ஓடு மாதிரி விறைத்துக்கொள்ளும். சேர்த்தே ஊறவைத்து, சேர்த்தே நைசாக ஆட்ட வேண்டும். கையில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, நிறம் வெள்ளையாக நிற்க இரண்டு கரண்டி பால். தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கம்.

இனிமேல்தான் வேலை. அடி தட்டையாக இல்லாமல் குழிவாக இருக்கும் வாணலி எடுத்துக்கொள். எண்ணெய் காய்ந்ததும் தீயை மட்டாக வை. ஒரு குழிக்கரண்டி மாவை எடுத்து நடுவில், ஒரே இடத்தில், கையை ஆட்டாமல் ஊற்று. மாவு அடியில் போய், வட்டமாக விரிந்து, தானே மேலே வரும். வந்ததும் மேலே இரண்டு தடவை எண்ணெயை அள்ளி ஊற்று, உப்பி வரும். திருப்பிப் போடு. ஓரம் மட்டும் லேசாக முறுகலாகி, நடு வெள்ளையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். "நாலு நாலாகப் போட்டால் சீக்கிரம் முடியுமே" என்று நினைக்காதே.

முதல் பணியாரம் உனக்கு எல்லாம் சொல்லிவிடும். ஓரம் பிய்ந்து வலை மாதிரி போனால் மாவில் தண்ணீர் அதிகம், ஒரு கைப்பிடி அரிசி மாவைக் கலந்துகொள். விரியாமல் உருண்டையாக நின்றால் மாவு கெட்டி, தண்ணீர் தெளி. எடுத்த பிறகு எண்ணெய் சொட்டினால் எண்ணெய் காயவில்லை, இல்லை உளுந்து அதிகம். டி.வி.யில் அந்த முதல் பணியாரத்தை மட்டும் காட்டவே மாட்டார்கள். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அங்கே நிற்கும் லைட் பையன் தின்றுவிடுவான்.

தொட்டுக்கொள்ள வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு வைத்து அரைத்த காரச் சட்னி. தேங்காய்ச் சட்னி வைத்தால் நான் உன்னைக் கோபித்துக்கொள்ளமாட்டேன், ஆனால் உன் அப்பத்தா கோபித்துக்கொள்வார்கள்.

*கேள்வி: பிரெஷ் கிரீமும் முந்திரி விழுதும் ஊற்றி, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு மிளகாய் போட்டு, அதற்கு "செட்டிநாடு சிக்கன்" என்கிறார்கள். நான் ரசிக்கும் தொகுப்பாளரே இப்படிச் செய்தபோது டி.வி.யை அணைத்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரவில்லையா?*
பள்ளத்தூர்க்காரி, இப்போது மதுரை

பதில்: முன்பு வந்தது. இப்போது ஆளைப் பார்த்து வருகிறது.

கோழியில் பட்டை, கிராம்பு, சோம்பு, மிளகு, மல்லி, வரமிளகாய், கல்பாசி, மராத்தி மொக்கு எல்லாவற்றையும் வறுத்து அரைப்பதும் நம்முடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டும்தான் நாம் என்று நினைப்பதுதான் எனக்கு ஆகாது. நம் வீட்டில் தினப்படி என்ன நடக்கிறது? இளங்குழம்பு, கூட்டு, மண்டி, ஒரு பிரட்டல். உப்புக்கறியை எடுத்துக்கொள். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, விதை உதிர்த்த வரமிளகாய், நல்லெண்ணெய், உப்பு. மசாலாப் பொடி ஒன்றுகூடக் கிடையாது. இனிப்புக்கு வந்தால் கவுனி அரிசி. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர்கள் கொண்டுவந்தது. கறுப்பு அரிசியை ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவது. அதில் எங்கே காரம்?

ஆனால் தொகுப்பாளர் ஊர் ஊராகப் போகிறவர். நேற்று கேரளா, இன்று செட்டிநாடு, நாளை பஞ்சாப். ஒரு நாளில் ஒரு ஊரைப் பிடிக்க வேண்டும் என்றால் மிளகாயைத்தான் பிடிப்பார். எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டுக்கு இப்படிப் படம் பிடிக்க ஒரு சேனல்காரர்கள் வந்தார்கள். வெளிச்சத்துக்காக அடுப்பை வளவில் கொண்டுவந்து வைத்தார்கள். பின்கட்டில் அந்த வீட்டுச் சமையல்கார அம்மா அதே கோழிக்குழம்பை மூன்று சட்டியில் மூன்று பக்குவத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்று வதக்கியது, ஒன்று பாதி வெந்தது, ஒன்று இறக்கியது. முன்னால் தொகுப்பாளர் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருப்பார், "கட்" என்றதும் சட்டி மாறும். கடைசியில் பளபளப்பு வர மேலே எண்ணெயைப் பிரஷ்ஷால் தடவினார்கள். அதைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கையெல்லாம் அணைத்த பிறகு அந்தத் தொகுப்பாளர் நேரே பின்கட்டுக்குப் போனார். அந்த அம்மாவிடம் மணையைப் போட்டு உட்கார்ந்து, "கல்பாசியை எப்போது போட்டீர்கள், எண்ணெயிலேயா அரைக்கும்போதா?" என்று கேட்டு, அங்கேயே சோறு வாங்கிச் சாப்பிட்டார். படத்தில் அது எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து அவர் என்ன கிரீம் ஊற்றினாலும் நான் டி.வி.யை அணைப்பதில்லை. உன் தொகுப்பாளர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அணைத்ததை ஒரு வாரம் கழித்துப் போட்டுப் பார்.

*கேள்வி: என் வீட்டுக்காரர் ஒரு சமையல் நிகழ்ச்சி விடாமல் பார்க்கிறார். வெந்நீர் மட்டும் வைக்கத் தெரியாது. எதற்குப் பார்க்கிறார்?*
வாசகி, புதுவயல்

பதில்: கிரிக்கெட் பார்க்கிறாரே, மட்டை பிடித்திருக்கிறாரா?

*கேள்வி: "குக் வித் கோமாளி"தான் எனக்கு உயிர். என் ஆயா அதைச் சமையல் நிகழ்ச்சியே இல்லை என்கிறார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.*
பத்தாம் வகுப்பு மாணவி, கானாடுகாத்தான்

பதில்: உன் ஆயாவைப் பகைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2019 கடைசியில் அது ஆரம்பித்தபோது நானும் உன் ஆயா கட்சிதான். சமைக்கும் இடத்தில் கூத்தடிக்கிறார்களே என்று இருந்தது. பிறகு கொரோனா வந்து எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, பேரன் பேத்திகளோடு உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் கூத்து நடக்கட்டும். தட்டு மேஜைக்கு வந்ததும் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் ஒரு வாய் எடுத்து வைத்து, அமைதியாக மென்று, என்ன குறை என்று சொல்வார்கள் பார், அந்த இடம் சமையல்தான். ஐந்தாவது சீசனில் பட் இல்லாமல் மாதம்பட்டி ரங்கராஜ் வந்தபோது எனக்கே கொஞ்சம் மனசு சரியில்லை என்றால் பார்த்துக்கொள்.

இன்னொன்றும் யோசி. நம் வீட்டுக் கல்யாண அடுப்படியில் என்ன நடக்கிறது? ஒருவர் பொறுப்பாகச் சமைப்பார், சுற்றி நாலு பேர் தேங்காயை எடுத்துத் தின்றுகொண்டு, கதை பேசிக்கொண்டு, தப்பான டப்பாவை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த நாலு பேரும் கோமாளிகள்தான். இதை ஆயாவிடம் சொல்லிப் பார். அவர்கள் உடனே அந்த நாலு பேரில் யார் யார் என்று பெயர் சொல்ல ஆரம்பிப்பார்கள். அப்புறம் நிகழ்ச்சியை நிம்மதியாகப் பார்க்கலாம்.

*கேள்வி: நான் பல வருடமாக ரசிக்கும் ஒரு சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் எங்கள் உறவினர் வீட்டு அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு வருகிறார். பக்கத்தில் போய்ப் பேச ஆசை, கூச்சமாகவும் இருக்கிறது. என்ன பேசுவது? கையில் என்ன கொண்டுபோவது?*
வாசகி, காரைக்குடி

பதில்: முதலில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போகாதே. இலையில் உட்கார்ந்தவரிடம் செல்பி கேட்பதை நம் ஊரில் இப்போது நிறையப் பார்க்கிறேன். பாவம், வாயில் அப்பளத்தோடு சிரிக்கிறார்கள். அவர் கை கழுவி, வெற்றிலை போட்டு, முகப்பில் காற்றாட நிற்கும்போது போ.

"உங்கள் நிகழ்ச்சி ரொம்பப் பிடிக்கும்" என்பதை அவர் அன்றைக்கு ஐம்பது பேரிடம் கேட்டிருப்பார். நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அதற்குப் பதில், அவர் சொல்லி நீ செய்ததில் சரியாக வராத ஒன்றைக் கேள். "நீங்கள் சொன்ன அந்த மைசூர்பாகு எனக்குக் கல்லாகிவிட்டது, எந்த இடத்தில் விட்டேன்?" என்று கேட்டுப் பார். உண்மையான சமையல்காரராக இருந்தால் நின்றுவிடுவார். பாகு என்ன பதம், நெய் சூடாக ஊற்றினாயா ஆறியா, எத்தனை நேரம் கிண்டினாய் என்று அவரே உன்னை விசாரிப்பார். அந்தப் பேச்சில் கூச்சம் போய்விடும். அவர் உதவியாளர் வந்து இழுத்துக்கொண்டு போகும் வரை பேசலாம். நிற்காமல் போனாரென்றால், சரி, தெரிந்துகொண்டோம் என்று விட்டுவிடு.

கையில் கொண்டுபோக, சமையல்காரருக்கு யாரும் சமைத்துக் கொடுப்பதில்லை, அதனால் தயங்காமல் உன் கையால் செய்ததைக் கொடு. கடையில் வாங்கிய டப்பா வேண்டாம். பால் பணியாரம், கந்தரப்பம் எல்லாம் அன்றைக்கே சாப்பிட வேண்டியவை. பாசிப்பருப்பு மாவுருண்டை பிடி. பருப்பை வாசனை வர வறுத்து, நைசாகத் திரித்து, சர்க்கரையும் திரித்துக் கலந்து, நெய்யைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிச் சூட்டோடு பிடித்தால் பத்து நாள் நிற்கும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடு. டப்பா திரும்பி வராது, அதனால் பெயர் வெட்டிய டப்பாவைக் கொடுத்துவிடாதே. தேன்குழலும் கொடுக்கலாமா என்று கேட்பாய். வேண்டாம், அவர் சென்னை போய்ச் சேர்வதற்குள் காரிலேயே நொறுங்கிவிடும்.